கோல் முதலில், போன் பிறகு: வன்னி ஊரொன்றைக் கலையாலும் கணினியாலும் பதிதல்

வட இலங்கையின் வன்னியில், கிளிநொச்சிப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ ஒரு சிறு குளத்தைத் தொலைபேசி வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். நீலத் திட்டு ஒன்று தெரியும். அதன்மேல் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். அதே குளக்கட்டில் மாடு சாய்த்துக்கொண்டு போகிறவரை மறித்துக் கேட்டால் அந்தத் திட்டு பதினைந்து இருபது இடங்களாக விரியும்: வான் (மிஞ்சிய தண்ணீர் வழியும் இடம்), பெரிய துருசு, சின்னத் துருசு (தண்ணீர் திறக்கும் மதகுகள்), அலைகரை, துருசடி மருது, மாடு இறங்கும் துறை, ஐயனாருக்குக் கல் வைத்த பாலை, கட்டு உடைத்த வருசம் மண் வெட்டின கிடங்கு.

நீலத் திட்டுக்கும் அந்த இருபது பெயர்களுக்கும் இடையில் கிடக்கும் வெளியைக் கலையைக் கொண்டும் கணினியைக் கொண்டும் நிரப்பலாம். இரண்டில் எதை முதலில் எடுப்பது என்பதில்தான் பல முயற்சிகள் தடுக்கி விழுகின்றன. கமராவை முதலில் தூக்கினால் ஊர் கமராவுக்கு ஏற்றபடி பேசும். செயலியை முதலில் திறந்தால் செயலியிலுள்ள கட்டங்களுக்குள் அடங்குகிற பதில்தான் கிடைக்கும். மண்ணில் கோடு கிழிக்கும் கோலை முதலில் கொடுத்தால் ஊர் தனக்குள் வாதாடத் தொடங்கும். அந்த வாதம்தான் சரக்கு. கருவி பின்னால் வந்து அதைப் பிடித்து வைத்தால் போதும்.

வன்னியில் இந்த வேலைக்கு அவசரம் கூட. போரின் இறுதிக் கட்டமான 2008, 2009இல் ஊர்கள் முழுதாகப் பெயர்ந்து கிழக்குக் கரையோரம் ஒதுங்கி, பிறகு மெனிக் பாம் முகாமுக்குப் போயின. அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அப்போது பத்து வயதாயிருந்த பிள்ளைகளுக்கு ஊர் என்பது பாதி கேள்வி ஞானம். காணி உறுதி, கலியாண அல்பம், பள்ளிக்கூட இடாப்பு என்று இடத்துக்குச் சாட்சி சொல்லக்கூடிய தாள்களும் வழியில் போயின.

இன்னொரு சிக்கலும் உண்டு. வன்னி ஒரே படையாக அமைந்த நிலமல்ல. பழைய குளத்து ஊர்களுக்கு மேல் இரணைமடு வாய்க்கால்களை நம்பி வந்த குடியேற்றத் திட்டங்கள் படிந்தன. உருத்திரபுரத்தில் டி8, டி10 என்று இலக்கமே இடப்பெயரானது. ஏ9 வீதியில் 155ஆம் கட்டை இன்றைக்கும் ஓர் இடத்தின் பெயர். 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறினார்கள். ஆகவே ‘இந்த ஊரின் கதை என்ன’ என்று ஒருமையில் கேட்டாலே பிழை. கிளிநொச்சியில் ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வீடுகள் இரண்டு வேறு ஊர்களை நினைவில் வைத்திருக்கும்.

பெயர்களே ஒரு பதிவேடு. மடு என்றால் ஆழமான நீர்க்கிடங்கு, மோட்டை என்றால் சிறு நீர்நிலை, தாழ்வு என்றால் மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளம், முறிப்பு என்றால் எப்போதோ கட்டு உடைத்த குளம். தண்ணிமுறிப்பு என்ற பெயர் ஒரு வெள்ளத்தின் நினைவு. பெயர் போனால் அந்தத் தகவலும் போகும். மணலாறு என்ற தமிழ்ப் பெயர் சிங்களத்தில் வெலிஓயா ஆன கதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெளியே இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். அவர்களில் வன்னிக்கு மிகவும் பொருந்துவது கனடாவின் ஃபோகோ தீவு. 1967இல் அந்தத் தீவு மீனவரை வேறிடத்துக்குக் குடியேற்ற அரசு நினைத்திருந்தது. கனடியத் தேசியத் திரைப்படச் சபையின் கொலின் லோ, மெமோரியல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்னோடன் ஆகியோர் தீவு மக்களைக் குறும்படங்களாக எடுத்தார்கள். எடுத்த படத்தை முதலில் தீவின் குடியிருப்புகளிலேயே போட்டுக் காட்டினார்கள். அமைச்சர்களுக்குக் காட்டியது அதன் பிறகு. சிதறியிருந்த குடியிருப்புகள் ஒன்றின் பேச்சை மற்றொன்று திரையில் கேட்டன. பிறகு கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் படகு கட்டினார்கள், தீவிலேயே இருந்துவிட்டார்கள். படத்தின் அழகைவிடக் காட்டிய வரிசைதான் அங்கே வேலை செய்தது. சீனாவின் யுனான் மாகாணத்துக் கிராமப் பெண்களின் கையில் கமராவைக் கொடுத்த கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரின் முறையும், ஓரிடத்தின் ஒலிகளை அதன் நிலக்காட்சி போலவே ஆராயலாம் என்ற கனடிய இசையமைப்பாளர் மரே ஷேஃபரின் எண்ணமும் கீழே சொல்லப்போகும் வேலைகளுக்குள் கலந்திருக்கின்றன.

தரைப்படம்

மண்ணில் கோடு கிழித்து ஊரை வரைவதுதான் தரைப்படம். மீள்குடியேற்ற ஊர்களில் அது புதிதல்ல. 2010ஐ அடுத்த வருடங்களில் தொண்டு நிறுவனங்கள் வந்து கோலைக் கொடுத்து வரையச் சொல்லியிருக்கின்றன. அதனால் ‘ஊரை வரையுங்கோ’ என்றதும் முதலில் விழுவது கிணறு, மலசலகூடம், வீட்டுத்திட்டம் கிடைக்காத வீடுகள். அது தேவைப்படம். அதைத் தடுக்க வேண்டாம், வரைந்து முடிக்கட்டும். முடிந்ததும் பக்கத்தில் இன்னொரு இடத்தைக் கூட்டித் துப்புரவாக்கி, வேறு விதமாகக் கேட்க வேண்டும்: வான் பாய்ந்தால் தண்ணி முதலில் எந்த வாசலுக்கு வரும்? அருவி வெட்டுக்கு (நெல் அறுப்புக்கு)ப் போனால் எந்த மரத்தடியில் இளைப்பாறுவீர்கள்? ராவில் தனியாகப் போகப் பயந்த இடம் எது? இரண்டாவது படம் அங்கேதான் பிறக்கும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டாலே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரு மணிநேரம் பேச்சு ஓடும்.

ஏறக்குறைய 5 மீற்றருக்கு 4 மீற்றர் இடம் வேண்டும். கூட்டி, மெல்லத் தண்ணீர் தெளித்தால் கோடு நிற்கும், புழுதி பறக்காது. கோலமாவு இரண்டு கிலோ, உடைத்த செங்கல் தூள், அடுப்புக்கரி, உமி, இலை, புளியங்கொட்டை போதும். ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பதினைந்தைத் தாண்டினால் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வடக்கு எது என்று கேட்காதீர்கள். குளக்கட்டிலிருந்தோ கோயிலிலிருந்தோ தொடங்கச் சொல்லுங்கள், திசை தானாக வரும். பெண்கள் ஒரு படம், ஆண்கள் ஒரு படம், பிள்ளைகள் ஒரு படம் என்று பிரிப்பது நல்லது. ஆண்களின் படத்தில் வயலும் வீதியும் பெருக்கும். பெண்களின் படத்தில் விறகுப் பாதையும் குளிக்கும் துறையும் வரும். பிள்ளைகள் கடிக்கிற நாய் உள்ள படலைகளைக் குறிப்பார்கள், அதுவும் நிலவியல்தான்.

கிராம அலுவலரோ சங்கத் தலைவரோ கோலைக் கையில் எடுத்துவிட்டால் மற்றவர்கள் வாய் மூடிவிடுவார்கள். அவரை வேறொரு முக்கியமான வேலைக்குக் கூப்பிடுவதுதான் வழி. பழைய தாள்களைத் தேடித் தரச் சொல்லலாம், உண்மையிலேயே பயன்படும்.

படம் பிடிப்பதில் கெடுவது வெளிச்சத்தால். மரநிழலில் வரைந்தால் ஆட்களுக்குச் சுகம், புகைப்படத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழுந்து கோடுகள் தெரியாமல் போகும். நால்வர் ஒரு தறப்பாளைத் தூக்கிப் பிடித்து முழுப் படத்தையும் ஒரே நிழலுக்குள் கொண்டுவந்தால் சரி. உழவு இயந்திரப் பெட்டியின் மேலோ ஏணியிலோ நின்று, ஒன்றின்மேல் ஒன்று பாதி படியும்படி பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுக்க வேண்டும். ஒரு மீற்றர் தடி ஒன்றைப் படத்தின் ஓரத்தில் கிடத்துங்கள். கோடு கிழிக்கும்போது நடக்கும் பேச்சை ஒரு போன் தொடக்கத்திலிருந்தே பதியட்டும், ஆனால் மடியிலோ கல்லுக்குப் பக்கத்திலோ கிடக்கட்டும். யாரும் அதைக் கையில் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

இனி ஒரு பொதுவான தவறு. தரைப்படத்தின் புகைப்படத்தை நேரே கணினியில் ஏற்றி, செய்மதிப் படத்தின்மேல் இழுத்து ஒட்டப் பார்ப்பார்கள். ஒட்டாது. தரைப்படத்தின் அளவுகோல் மீற்றரல்ல, பழக்கம். தினமும் போகும் வயல் பெரிதாகவும், எப்போதாவது போகும் காடு சுருங்கியும் இருக்கும். அதை நெளித்து நேராக்கினால் ஊர் சொன்னதை அழித்ததாகிவிடும். தரைப்படம் தரைப்படமாகவே இருக்கட்டும். அதிலிருந்து எடுக்க வேண்டியது பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியலோடு நடக்க வேண்டும்.

நடையும் புள்ளியும்

நடை காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முன் முடிந்தால் நல்லது. ஊர் மூத்தவர் ஒருவர், பெடியன் ஒருவன், பெட்டை ஒருத்தி, எழுதுகிறவர் ஒருவர் போதும். பத்துப் பேரோடு போனால் அது ஊர்வலம். நடந்து பழகிய தடத்தை விட்டு இறங்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றிய நிலமென்றாலும் காட்டோரப் பற்றைக்குள் வெடிபொருள் கிடக்கலாம். சிவப்பு எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் எந்தப் பெயரும் தேவையில்லை. பொழுது சாயும் நேரத்தில் காட்டுக்கரைக் குளங்களுக்குப் போவது யானைக்கு வழி மறிப்பது.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் அசையாமல் நின்றபிறகே போனின் ஜிபிஎஸ் புள்ளியைக் குறிக்க வேண்டும். வெளியான வயலில் போன் சுமார் 5 மீற்றருக்குள் சரியாகக் காட்டும். பாலை, வீரை அடர்ந்த காட்டுக்குள் 15, 20 மீற்றர் விலகலாம். அப்படியான இடத்தில் புள்ளியை மட்டும் நம்பாமல் ‘துருசிலிருந்து நூற்றிருபது கவடு’ என்று எழுதி வையுங்கள். வரைபடத்தை முதல்நாளே இறக்கி வைத்திருக்க வேண்டும், உட்காட்டில் சிக்னல் கிடையாது. கோபோ போன்ற படிவச் செயலிகள் இணையமின்றி நிரப்பிப் பிறகு அனுப்ப இடம் தரும். படிவத்தில் ஐந்து கேள்விகளுக்கு மேல் வேண்டாம்: சொல்லும் பெயர், அதை அவர் வாயாலேயே சொன்ன ஒலி, வேறு பெயர், பெயருக்குக் காரணம், யார் சொன்னது.

எழுத்தில் ஒரு சங்கடம் வரும். வற்றாப்பளையா வற்றாப்பழையா, குமுழமுனையா குமிழமுனையா, இரணைமடுவா இரணமடுவா? தீர்ப்புச் சொல்வது பதிகிறவரின் வேலையல்ல. சொல்வது, பெயர்ப்பலகையில் உள்ளது, பழைய தாளில் உள்ளது என்று மூன்றையும் வைத்திருங்கள். ஓப்பன்ஸ்றீற்மப் என்னும் திறந்த வரைபடத்தில் தமிழ்ப் பெயர், மாற்றுப் பெயர், பழைய பெயர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புலம் உண்டு. அங்கே ஏற்றினால் அந்தத் தரவை எடுத்து ஓடும் எல்லாச் செயலிகளிலும் தெரியும். அதனால்தான் ஏற்றுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். இதற்குப் பின்னால் வருகிறேன்.

பழைய பெயருக்கு இரண்டு இடம் நல்லது. ஒன்று 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கையேடு. மற்றது நில அளவைத் திணைக்களத்தின் ஒரு மைலுக்கு ஓரங்குலத் தாள்கள், அதாவது 1:63,360. தாளை ஸ்கான் செய்து கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் இன்றைய நிலத்தின்மேல் பொருத்தலாம். குறைந்தது ஆறு கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது தாளிலும் இன்றைய நிலத்திலும் ஒன்றேயான இடங்கள், எடுங்கள். சந்தி, ரயில்பாதை வீதியைக் கடக்கும் இடம், குளக்கட்டின் முனை நல்லவை. ஆற்று வளைவும் கடனீரேரி முகமும் கூடாது, அவை இடம் மாறும். பொருத்திய பின் எல்லாம் ஒரே பக்கமாக ஏறக்குறைய 200 மீற்றர் தள்ளி நின்றால் உங்கள் புள்ளிகளில் பிழையில்லை. தாள் கண்டவல ஆதாரம் என்னும் பழைய நில அளவை அடிப்படையில் வரைந்தது, நீங்கள் அதை இன்றைய செய்மதி ஆதாரமென்று சொல்லிவிட்டீர்கள். (இந்தக் கண்டவல நீர்கொழும்புப் பக்கத்தது, நம் கண்டாவளையோடு குழப்ப வேண்டாம்.) மென்பொருளில் ஆள்கூற்று முறையைத் தெரிவுசெய்யும் இபிஎஸ்ஜி எண் பழைய கட்டத்துக்கு 5234, 1999இன் புதிய கட்டத்துக்கு 5235. தாளில் எது என்று தெரியாவிட்டால் வடக்குத்தொலை எண்ணை, அதாவது வடக்கே போகப் போகக் கூடும் கட்ட எண்ணை, பாருங்கள். மீற்றரில் அச்சிட்ட தாளில் கிளிநொச்சி நகரம் 460000க்குக் கிட்ட வந்தால் பழையது, 760000க்குக் கிட்ட வந்தால் புதியது. இருநூறு மீற்றர் சின்னத் தொகையல்ல. ஒரு துருசு பக்கத்து வாய்க்காலுக்குப் போய்விடும்.

ஒலி

படத்தைவிட ஒலி ஊரைச் சுருக்கமாகச் சொல்லும், எடுப்பதற்குச் செலவும் குறைவு. துருசுக் கதவின் இரும்புச் சில்லு திரும்பும் சத்தம், வான் பாயும் இரைச்சல், ஆட்காட்டியின் கத்தல், கரைவலை இழுப்பவரின் அம்பாப் பாட்டு. விடியற்காலை ஐந்தரை மணி நல்ல நேரம். கோயில் ஒலிபெருக்கி தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அரை மணிநேரம் அது. போனைக் கையில் பிடிக்காமல் மரக்கிளையில் துணியால் கட்டி, ஒலிவாங்கித் துளைக்கு மேல் சொக்ஸ் ஒன்றை மாட்டி, பத்து நிமிடம் தொடாமல் விட்டு விலகி நில்லுங்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியில் எடுத்தால் காற்றின் உறுமல்தான் மிஞ்சும். அழுத்திய வடிவத்தில் வேண்டாம், வேவ் வடிவத்தில் எடுக்கவும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், ஒற்றைத் தடம் என்றால் மணிக்கு 520 மெகாபைற் அளவில் பிடிக்கும், இரட்டைத் தடமென்றால் அதன் இரு மடங்கு.

கூத்துக்கு இந்தக் கணக்கு முக்கியமாகிறது. முல்லைத்தீவின் முல்லைமோடிக் கூத்தோ, மன்னாரின் வடபாங்கு, தென்பாங்குக் கூத்துகளோ விடிய விடிய ஆடப்படுபவை. வேவ் கோப்பின் எல்லை 4 கிகாபைற். இரட்டைத் தடம் 24 பிற்றில் அது நாலு மணிநேரத்தில் நிரம்பிவிடும். நல்ல பதிவுக்கருவி தானாக அடுத்த கோப்பைத் தொடங்கும். பல போன் செயலிகள் சத்தமில்லாமல் நின்றுவிடும். விடியப்போகும் வேளையில் வரும் உருக்கமான கட்டம் கிடைக்காது. ஆகவே மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை கையால் நிறுத்தித் தொடங்குங்கள். மத்தளத்தின் முதல் அடியில் ஒலி வெடிக்காமலிருக்க, உச்ச அளவு கழித்தல் 12 டெசிபெலைத் தாண்டாதபடி வைக்க வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நின்று பதிந்தால் பெட்டியின் குணம்தான் பதியும்.

எங்கள் கருத்தில், ஆட்ட இரவைவிட ஒத்திகை இரவுகள்தான் கூடுதல் பெறுமதி. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் நிறுத்தித் திருத்துகிறார். ஒரு சொல்லை ஏன் இப்படி இழுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார். ஏட்டில் இருப்பதற்கும் வாயில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் வெளியே வருகிறது. மேடையில் அது எதுவும் கேட்காது. அருவிவெட்டுப் பாடலுக்கும் இதே சிக்கல் வேறு விதத்தில் உண்டு: வெட்டு இயந்திரம் வந்தபின் பாட்டுக்கு வேலையில்லை. கதிரையில் இருத்திப் பாடச் சொன்னால் இரண்டு அடியோடு மறந்துவிடும். கையில் அரிவாளைக் கொடுத்து, ஒரு மூலை வயலைக் கையால் வெட்டச் சொன்னால் உடம்பு பாட்டை எடுத்துத் தரும்.

வற்றாப்பளை வைகாசிப் பொங்கலையொட்டிக் கடல்நீரில் விளக்கெரியும் சடங்கு போன்றவற்றில் ஒலிவாங்கி எங்கே நிற்கலாம், எங்கே அணைய வேண்டும் என்பதைக் கோயில்காரரிடம் முன்கூட்டியே கேட்டு அதன்படி நிற்பதே முறை.

படமில்லாத வீடுகள்

குடும்பப் புகைப்படங்களை ஸ்கான் செய்து, குரல் சேர்த்து, இரண்டு மூன்று நிமிடக் கதைப்படம் செய்வது கலிபோர்னியாவில் 1990களில் உருவாகி உலகெங்கும் பரவிய முறை. வன்னியில் அது முதல் படியிலேயே முறியும். ஸ்கான் செய்யப் புகைப்படம் இல்லை. ‘உங்கட பழைய படம் ஒன்றைக் கொண்டு வாங்கோ’ என்று வகுப்பில் சொன்னால் சில பேர் அடுத்த நாள் வரவே மாட்டார்கள். படத்துக்குப் பதிலாக வரைபு, கை, பொருள். முகாமிலிருந்து கொண்டுவந்த சட்டி, உரலின் உடைந்த பாதி, திரும்பி வந்தபோது நின்றிருந்த ஒரே தென்னை.

வீட்டை நினைவிலிருந்து வரைவது இவற்றில் வலுவானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஓவியர் தா. சனாதனன் இடம்பெயர்ந்தவர்களின் வீட்டு வரைபடங்களை அவர்களைக் கொண்டே வரைவித்து, 2011இல் ஒரு கலைநூலாக்கினார். ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரை அதற்கு வைத்தார். ஹெர்ஸ்டோரீஸ் என்ற ஆவணத் திட்டம் முல்லைத்தீவு, கிளிநொச்சி உட்படப் பல மாவட்டங்களின் தாய்மாரிடம் கடிதமாகவும், காலக்கோடாகவும், வாழ்க்கையை மரமாக வரையும் உயிர்மரப் படமாகவும் வாழ்க்கைக் கதைகளைத் திரட்டியது. வீட்டை வரையும்போது கேள்வி ‘என்ன நடந்தது’ என்றில்லை. ‘குசினி எந்தப் பக்கம், கிணறு எத்தனை எட்டில்’ என்று தொடங்குகிறது. மனிதர் தாங்கக்கூடிய தூரத்துக்குத் தாங்களே நடந்து போய் நிற்பார்கள்.

தாள் டிமை என்னும் பெரிய அளவில் இருக்கட்டும். சிறிய தாளில் வீடு மட்டும் வரும், பெரிய தாளில் வளவும் வேலியும் அயலும் வரும். பென்சிலுக்கு அழிறப்பர் கொடுக்க வேண்டாம், அழித்த கோடுதான் பெரும்பாலும் இடித்துக் கட்டிய சுவர். கதைக்குக் குரல் பதிவதானால், நிதானமான தமிழில் ஒரு நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் வரை போகும். இரண்டரை நிமிடத்துக்கு 250 சொல்லுக்கு மேல் எழுத விட்டால் அவசரமாக வாசிப்பார்கள், வாசிப்பது வாசிப்பதாகவே கேட்கும். தகரக் கூரை வீட்டுக்குள் எதிரொலி வரும். பாயைச் சுவரில் தொங்கவிட்டு, அதைப் பார்த்துப் பேசச் செய்தால் பெருமளவு அடங்கும்.

ட்ரோன் பற்றிப் பலரும் கேட்பதால் இரண்டு வரி. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி ஒரு பக்கம். மறு பக்கம், போர்க்காலத்தில் வேவு விமானத்துக்கு வன்னி வைத்த பெயர் ‘வண்டு’. அந்த இரைச்சலை மறுபடியும் ஓர் ஊரின் தலைக்குமேல் நிறுத்தி வைத்துவிட்டு ஊர்ச்சித்திரம் என்று சொல்வது சரியாக வராது. முப்பரிமாணப் பதிவு அம்மி, உரல், நடுகல் போன்ற சிறு பொருளுக்கு நல்லது: மப்பான நாளில், பொருளைச் சுற்றி இரண்டு உயரங்களில் அறுபது படங்கள், ஒன்றில் தெரிவது முக்கால்வாசி அடுத்ததிலும் தெரியும்படி. ஈரமான, மினுங்கும் பரப்பு பொருந்தாது.

எதை ஏற்றக் கூடாது

வாயில் இருக்கும்வரை எல்லை இளகியது. முல்லைத்தீவுக் கரையில் கரைவலைப் பாடுகளின் (வலை இழுக்கும் இடங்களின்) எல்லை பேச்சாலும் விட்டுக்கொடுப்பாலும் ஓடுகிறது. புள்ளியாகக் குறித்து இணையத்தில் போட்டவுடன் அது வழக்குக்கான சான்றாகிவிடும். படையினரிடம் இருக்கும் காணி, பிணக்கிலுள்ள கோயில், புதையல் தோண்டுகிறவர்கள் தேடும் பழைய இடிபாடு, தனிப்பெண் வசிக்கும் வீடு, யாரையேனும் புதைத்த இடம் ஆகியவற்றின் துல்லியப் புள்ளி பொது வரைபடத்துக்குப் போகக் கூடாது. கேப்பாப்புலவில் 2017இல் மக்கள் தங்கள் காணிக்காகத் தெருவில் இருந்தார்கள். அப்படியான இடத்தில் வரைபடம் மக்களுக்கு ஆயுதமாகலாம், ஆனால் எப்போது வெளியிடுவது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சம்மதத்தை ஒரே கையெழுத்தில் வாங்குவது போதாது. எல்லாரும் பார்க்கலாம், ஊருக்குள் மட்டும், குடும்பத்துக்கு மட்டும், இத்தனை வருடத்துக்குப் பிறகு என்று நான்கு படி வைத்து, பதிவு முடிந்த பின் ஒருமுறை, வெட்டி ஒட்டிய பின் போட்டுக் காட்டி மறுமுறை கேளுங்கள். படிவத்தைக் கண்டால் பயப்படுகிற ஆட்களுக்கு வாயால் கேட்டு அதையே ஒலியாகப் பதிந்தால் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். புகைப்படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் புள்ளி ஒளிந்திருக்கும். வெளியிடும் பிரதியிலிருந்து அதை நீக்கி, மூலத்தில் வைத்திருக்க வேண்டும்.

கோப்பு

வேலைகளில் சலிப்பானதும், கைவிட்டால் எல்லாம் வீணாவதும் இதுதான். பதிந்தவற்றை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். மலிவு மெமறி காட்டில் 128 கிகாபைற் என்று எழுதியிருந்தாலும் உள்ளே 8 தான் இருக்கக்கூடும். நிரம்பியது தெரியாமல் பழையதன்மேல் எழுதும். வாங்கிய அன்றே முழுதாக நிரப்பித் திறந்து பாருங்கள். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்துச் சுருக்கி அனுப்பினால் சில கணினிகளில் கட்டம் கட்டமாக விரியும். ஆண்டு, மாதம், நாள், இடக்குறி, வரிசை எண் என்று ஆங்கில எழுத்தாலும் எண்ணாலும் வைத்து, தமிழ் விவரத்தைத் தனி அட்டவணையில் எழுதுவது பத்திரம். அட்டவணை யூனிகோட்டில் இருக்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலைத் தேட முடியாது.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று ஊருக்கு வெளியே. ஒன்று சனசமூக நிலையத்திலோ பள்ளிக்கூட நூலகத்திலோ. வெள்ளம் வரும் ஊரானால் மேல்தட்டில். வெளிப் பிரதிக்கு 2005இலிருந்து இயங்கும் நூலகம் எண்ணிம நூலகமும் அதே நிறுவனத்தின் பல்லூடகத் தளமான ஆவணகமும் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பிரதியையும் திறந்து பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ‘எல்லாரும் பார்ப்பம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஊருக்குத் திருப்பிக் காட்டுவது

காலபோக விதைப்பும் மழையும் முடிந்து, மாசி பங்குனி வெட்டும் ஓய்ந்த பிறகு சித்திரையிலிருந்து ஆவணி வரை ஆட்களுக்கு நேரம் இருக்கும். திரையிடல் ஏழு மணிக்கு. அதற்கு முன் வானத்தில் வெளிச்சம் நிற்கும். எட்டடி வெள்ளைத் துணிக்கு 3000 லூமன் புறொஜெக்ரர் போதும். ஜெனறேற்றரைக் காற்று போகும் பக்கம் நாற்பது ஐம்பது மீற்றர் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விடியற்காலை எடுத்த பறவைச் சத்தம் எதுவும் கேட்காது. போடுவதற்கு முன் ஒலிகளை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். வயல்கரையில் எடுத்த பதிவில் யானை விரட்டும் யானைவெடி கிடக்கும். திடீரென்று அது பெரிய பெட்டியில் வெடித்தால் சனம் நிலத்தில் விழுந்து படுக்கும். அதை வெட்டிவிடுங்கள், அல்லது முன்கூட்டியே சொல்லுங்கள்.

வரைபடத்தைப் பிளெக்ஸில் அச்சிட்டுப் பொதுநோக்கு மண்டபத்தில் தொங்கவிடுவது வழக்கம். ஆறடிக்கு நான்கடி நல்ல அளவு. கடையில் யூனிகோட் எழுத்தைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் காலும் பிரிந்து ‘கொ’ மூன்று துண்டாகும், ஊர்ப்பெயர் எல்லாம் சிதையும். எழுத்தை உருவமாக மாற்றிய கோப்பையோ, அந்த அளவுக்கே ஏற்றுமதி செய்த படத்தையோ கொண்டு போங்கள். அச்சாக முன் திரையில் ஒவ்வொரு பெயரையும் வாசித்துப் பாருங்கள். மேல் மூலையில் ‘முதல் பிரதி’ என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் அழியாத மையுள்ள பேனை ஒன்றைக் கயிற்றில் கட்டிவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் அதன்மேல் வெட்டும் கொத்தும் நிறையும்: இந்தத் துருசு இங்கே இல்லை, இது எங்கட அம்மப்பாவின் பெயரில் உள்ள மோட்டை, இந்த ஒழுங்கைக்குப் பெயர் விட்டுப்போச்சு. பேனையை யாராவது கொண்டு போயிருப்பார்கள். புதிதாக ஒன்று கட்டிவிட்டு, எழுதியிருப்பதைப் படம் பிடித்துக்கொண்டு, இரண்டாம் பிரதிக்கு மறுபடியும் நடக்கத் தொடங்கலாம்.